உலைக்குள் மறையும் இரும்பு

கேள்வி: ஐயா, கோயம்புத்தூரில் சிறிய ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை நடத்துகிறேன். மின்சார உலைகள் இரண்டு. ஒன்றில் இரும்பு உதிரிகளை 850 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி எண்ணெயில் அமிழ்த்துகிறோம். மற்றதில் அலுமினியப் பாகங்களை 170 டிகிரியில் பல மணி நேரம் வைத்திருக்கிறோம். அண்மையில் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கினேன். உலையிலிருந்து எடுத்த அலுமினியத்தின்மேல் பிடித்தால் 58 காட்டுகிறது. தொட்டால் கை பொசுங்கிவிடும். இரும்பை வெளியே எடுத்துப் பிடித்தால் 780. அதே இரும்பை, உலைக்கதவைச் சற்றே திறந்து உள்ளே இருக்கும்போது பார்த்தால் 846. இது உலைக்குள் இருக்கும் தெர்மோகப்பிள் (கம்பி வடிவ வெப்ப உணரி) காட்டும் 850-க்கு மிக அருகில். விற்றவரோ "அலுமினியத்துக்கு எமிசிவிட்டியை 0.10 என்று வைத்தால் சரியாகிவிடும்" என்கிறார். என் ஃபோர்மேன் நிறத்தைப் பார்த்தே வெப்பநிலை சொல்வார், அநேகமாகத் தவறுவதில்லை. உலை நன்றாகக் காய்ந்ததும் உள்ளே இருக்கும் பாகம் கண்ணுக்கே தெரியாமல் போகும், அதுதான் பக்குவம் என்பது அவர் கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகன், இதெல்லாம் கரும்பொருள் கதிர்வீச்சு, ஆனால் கரும்பொருள் பாடப்புத்தகத்தில் மட்டும்தான் உண்டு என்கிறான். யாரை நம்புவது? துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள ஐயா,

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். மூன்று இடத்திலும் அது தன் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கிறது. ஃபோர்மேன் சொல்வது முழுக்கச் சரி. மகன் சொல்வது முக்கால்வாசி சரி. விற்றவர் சொன்னபடி செய்தால்தான் வம்பு.

இந்தக் கருவிக்கு வெப்பநிலை என்றால் என்னவென்று தெரியாது. எதிரே இருந்து எவ்வளவு அகச்சிவப்புக் கதிர் வருகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். உங்களிடம் உள்ள வகை பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான அலைநீளங்களைப் பார்ப்பது. வந்த கதிரை அளந்து, "இவ்வளவு வர வேண்டுமானால் பொருள் இத்தனை டிகிரியில் இருக்க வேண்டும்" என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுத் திரையில் காட்டுகிறது. சிவப்புப் புள்ளியாக விழும் லேசருக்கும் அளவீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. குறி எங்கே என்று காட்டத்தான் அது. அளக்கப்படும் பரப்பு அந்தப் புள்ளியைவிடப் பல மடங்கு பெரியது. கருவியின்மேல் 12:1 என்று போட்டிருந்தால், 60 செ.மீ. தூரத்தில் 5 செ.மீ. விட்டமுள்ள வட்டம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கிறது என்று பொருள். சின்ன உதிரியைத் தூரத்தில் நின்று அளந்தால் பின்னால் இருக்கும் செங்கலும் கணக்கில் சேர்ந்துவிடும்.

அந்தக் கணக்குக்கு ஓர் ஆதாரம் வேண்டும்: இத்தனை டிகிரியில் இருக்கும் பொருள் அதிகபட்சம் எவ்வளவு கதிர் வெளியிட முடியும்? அந்த உச்ச அளவுதான் கரும்பொருள் கதிர்வீச்சு. தன்மேல் விழும் கதிர் அனைத்தையும், எந்த அலைநீளமானாலும், மிச்சமின்றி உட்கொள்ளும் பொருளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அது வெளியிடும் கதிர் அதன் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. இரும்பா, களிமண்ணா, கரியா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. உண்மையான பொருள்கள் இந்த உச்சத்தில் ஒரு பகுதியைத்தான் வெளியிடும். அந்தப் பகுதியே உமிழ்திறன். உங்கள் கருவியில் எமிசிவிட்டி என்று இருப்பது. மங்கலான கருப்புப் பெயின்ட்டுக்கு ஏறத்தாழ 0.95. மனிதத் தோலுக்கு, நிறம் எதுவானாலும், 0.98. ஆக்சைடு படிந்த இரும்புக்கு 0.8 அல்லது அதற்குச் சற்று மேல். பளபளக்கும் அலுமினியத்துக்கு 0.05 முதல் 0.1 வரை. உங்கள் கருவி தொழிற்சாலையிலிருந்து வரும்போது 0.95 என்று வைக்கப்பட்டிருக்கும்.

வெப்பநிலை ஏறும்போது இந்தக் கதிர்வீச்சு இரண்டு விதமாக மாறுகிறது. மொத்த அளவு கெல்வின் வெப்பநிலையின் (செல்சியஸோடு 273 கூட்டியது) நான்காம் அடுக்காகக் கூடும்; 1879-ல் ஆஸ்திரியாவின் ஸ்டெஃபான் சோதனைத் தரவுகளிலிருந்து கண்டதை, அவருடைய மாணவர் போல்ட்ஸ்மான் 1884-ல் கோட்பாட்டால் நிறுவினார். உங்கள் இரண்டு உலைகளையே எடுத்துக்கொள்வோம். 170 டிகிரி என்பது 443 கெல்வின்; 850 டிகிரி 1123 கெல்வின். இரண்டரை மடங்குதான் வித்தியாசம். ஆனால் கதிர்வீச்சு 41 மடங்கு. முதலாவதில் சதுர மீட்டருக்கு 2.2 கிலோவாட், இரண்டாவதில் 90 கிலோவாட். இரும்பு உலைக் கதவைத் திறந்ததும் முகத்தில் அறைவது பெரும்பாலும் இந்தக் கதிர்தான், சூடான காற்று அல்ல.

இரண்டாவது, கதிரின் உச்சம் குறுகிய அலைநீளத்தை நோக்கி நகரும். 2898-ஐக் கெல்வினால் வகுத்தால் உச்சம் எத்தனை மைக்ரானில் என்று கிடைத்துவிடும். இது வீன் 1893-ல் தந்த விதி. உங்கள் பட்டறைச் சுவருக்கு 9.5 மைக்ரான், அலுமினியத்துக்கு 6.5, சிவந்த இரும்புக்கு 2.6. ஏறத்தாழ 5772 கெல்வினில் இருக்கும் சூரியனுக்கு அரை மைக்ரான், அதாவது நம் கண் பார்க்கும் ஒளியின் நடுவில். மார்கழி வானில் திருவாதிரை செம்மஞ்சளாகத் தெரிவதும், அதே ஓரியன் கூட்டத்தில் ரைகல் நீலவெள்ளையாக ஒளிர்வதும் இந்த விதிப்படிதான். சிவந்தது குளிர்ந்தது, நீலம் பாய்ந்தது சூடானது. மகனிடம் காட்டுங்கள்.

இனி ஃபோர்மேனின் அந்த மறையும் இரும்பு. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான்.

உலை முழுவதும் 850 டிகிரியில் நிலைத்துவிட்டது. உள்ளே பாகமும் அதே வெப்பநிலைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாகத்தின் உமிழ்திறன் 0.3 என்றால், கரும்பொருள் தரக்கூடியதில் நூற்றுக்கு 30 பங்கைத்தான் அது தானாக வெளியிடும். ஆனால் ஒளிபுகாத பொருள் எதுவும், எவ்வளவு குறைவாக வெளியிடுகிறதோ அவ்வளவு அதிகமாகப் பிரதிபலிக்கும். சுற்றியுள்ள சுவர்களிலிருந்து வரும் கதிரில் 70 பங்கை அது திருப்பி அனுப்புகிறது. சுவரும் அதே 850 டிகிரி. ஆக 30-உம் 70-உம் சேர்ந்து 100. பக்கத்தில் இருக்கும் செங்கல்லுக்கு 80-உம் 20-உம், அதுவும் 100. இரும்பு, செங்கல், உலை மூலையில் கிடக்கும் துருப்பிடித்த கம்பி எல்லாமே ஒரே நிறம், ஒரே பிரகாசம். விளிம்பே தெரியாதபோது கண்ணால் எதைப் பிரித்தறிய முடியும்? 1859-ல் ஹைடல்பெர்க்கில் இயற்பியலாளர் கிர்ஹாஃப் எழுத்தில் நிறுவியதை உங்கள் ஃபோர்மேன் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டார்.

பாகம் மறையாமல் சற்றுக் கருமையாகத் தெரிந்தால், அது இன்னும் சுவரைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் துப்பாக்கி காட்டும் எண்ணில் சுவரின் பிரதிபலிப்பும் கலந்திருக்கும். பாகத்தின் உண்மை வெப்பநிலையைவிடக் கூடுதலாகவே காட்டும். மறைந்துபோனால் மேற்பரப்பு உலையோடு சமநிலைக்கு வந்துவிட்டது. மேற்பரப்பு மட்டும் என்பதை அடிக்கோடிடுகிறேன். தடிமனான பாகத்தின் நடுப்பகுதி இன்னும் பின்தங்கியிருக்கலாம், அதற்கான ஊறல் நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

கதவிடுக்கில் 846 கிடைத்தது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். அங்கே நீங்கள் அளந்தது இரும்பை மட்டும் அல்ல, உலை என்ற குகையை. சிறிய திறப்புள்ள, ஒரே வெப்பநிலையில் இருக்கும் குகையின் வாய், ஏறக்குறைய உண்மையான கரும்பொருளே. வெளியிலிருந்து உள்ளே நுழையும் கதிர் பலமுறை மோதி உட்கொள்ளப்பட்டுவிடும், திரும்பி வர வழி அரிது. மகனுக்கு இதைச் சொல்லுங்கள்: துல்லியமான, நூற்றுக்கு நூறு கரும்பொருள் இல்லை என்பது உண்மை. ஆனால் காலிபரேஷன் ஆய்வகங்களில் கரும்பொருள் என்றே பெயர் எழுதி ஒட்டிய சாதனங்கள் இருக்கின்றன, பிரித்துப் பார்த்தால் ஒரு முனை மூடிய குழாயும் அதைச் சுற்றிய சூடேற்றும் கம்பியும்தான். நல்ல குழாய்க்கு 0.999 உமிழ்திறன் கிடைக்கும். உங்கள் துப்பாக்கியைப் போன்ற கருவிகளை அதன் வாய்க்கு நேரே பிடித்துத்தான் சரிபார்க்கிறோம். வானத்தில் இதையும் மிஞ்சியது ஒன்று உண்டு. பிரபஞ்சம் முழுவதும் பரவியிருக்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சை 1989-ல் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோள் அளந்தபோது, அது 2.7 கெல்வின் கரும்பொருளின் வளைகோட்டில் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது.

இந்தக் குகை யோசனை பிறந்த இடமும் ஒரு தொழில் தேவைதான். மின்விளக்கும் எரிவாயு விளக்கும் போட்டி போட்ட காலத்தில், எந்த விளக்கு எவ்வளவு ஒளி தருகிறது என்று ஒப்பிட ஜெர்மனிக்கு ஒரு நிலையான அளவுகோல் தேவைப்பட்டது. பெர்லினில் 1887-ல் தொடங்கப்பட்ட அரசு அளவீட்டு நிறுவனத்தில் லும்மரும் வீனும், கருப்புப் பூச்சுகளை நம்புவதை விட்டுவிட்டுச் சூடாக்கிய உட்கூடு ஒன்றில் சிறு துளையிட்டுப் பார்க்கலாம் என்று 1895-ல் முன்மொழிந்தார்கள். அந்தத் துளையிலிருந்து வந்த நெடிய அலைநீளக் கதிரை ரூபென்ஸும் குர்ல்பாமும் அளந்தபோது, எந்த அலைநீளத்தில் எவ்வளவு கதிர் வரும் என்று சொல்லும், அதுவரை நம்பியிருந்த வீனின் இன்னொரு சூத்திரம் பொருந்தவில்லை. 1900 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை, இயற்பியலாளர் பிளாங்கின் வீட்டுக்கு வந்த ரூபென்ஸ் இந்தச் செய்தியைச் சொல்ல, அன்று மாலையே பிளாங்க் புதிய சூத்திரம் ஒன்றை எழுதினார் என்பார்கள். அதற்கு விளக்கம் கொடுக்க, ஆற்றல் துண்டு துண்டாகத்தான் பரிமாறப்படுகிறது என்று அவர் டிசம்பர் 14 அன்று அறிவிக்க வேண்டியதாயிற்று. குவாண்டம் இயற்பியல் அங்கே தொடங்குகிறது. அதே சூத்திரத்தை 1924-ல் டாக்காவில் இருந்த சத்யேந்திரநாத் போஸ் முற்றிலும் வேறு வழியில் வருவித்தார். மகன் தேர்வுக்கு இதெல்லாம் கேட்பார்களோ என்னவோ, தெரிந்துவைத்துக்கொள்ளட்டும்.

இப்போது அலுமினியம். உங்கள் எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உமிழ்திறன் 0.10, பாகம் 170 டிகிரி, பட்டறைச் சுவர் 32 டிகிரி, கருவியில் 0.95. விடை 56 டிகிரி. நீங்கள் பார்த்தது 58. அதாவது உங்கள் கருவிக்கு வந்த கதிரில் மூன்றில் இரண்டு பங்கு அலுமினியத்திலிருந்து வந்ததே அல்ல, அதில் பிரதிபலித்த பட்டறையிலிருந்து வந்தது. பளபளக்கும் அலுமினியம் அகச்சிவப்புக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நீங்கள் அளந்தது பெரும்பாலும் உங்கள் சுவரை.

விற்றவர் சொன்ன 0.10 இங்கே ஏன் உதவாது? அந்தப் பாகத்தின் உண்மையான உமிழ்திறன் 0.07 என்று இருந்தால், கருவி சுமார் 30 டிகிரி குறைத்துக் காட்டும். மேற்பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு, கைரேகை, உரசல், எது பட்டாலும் அந்த எண் மாறிவிடும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நண்பகலில் உங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை 50 டிகிரிக்குக் காய்ந்திருந்து, பாகத்தில் அந்தக் கூரை பிரதிபலித்தால், 0.10 என்று வைத்த அதே கருவி 220-ஐத் தாண்டியும் காட்டலாம். காலையில் சரி, மதியம் ஐம்பது டிகிரிக்கும் மேல் அதிகம். 170-இல் சில டிகிரி பிசகினாலே கடினத்தன்மை மாறும் வேலையில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எனவே அலுமினியத்துக்கு ஒரு மாதிரித் துண்டைத் தயார் செய்யுங்கள். உங்கள் பாகத்தின் தடிமனுள்ள அலுமினியத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முகத்தில் 200 டிகிரிக்கு மேல் தாங்கும் மங்கலான கருப்புப் பெயின்ட் அடித்து நன்றாகக் காயவைத்து, ஒவ்வொரு தடவையும் பாகங்களோடு சேர்த்து உலையில் வையுங்கள். எடுத்ததும் 0.95 அமைப்பிலேயே அந்தப் பெயின்ட் முகத்தை மிக அருகிலிருந்து அளங்கள். சாதாரண மின்கம்பி டேப்பை ஒட்டுவார்கள் சிலர். 170 டிகிரிக்கு அது உருகிவிடும். துண்டில் விட்டத்தைப்போல் ஆறு மடங்கு ஆழமுள்ள துளை போட்டு அதற்குள் அளக்கும் முறையும் உண்டு. துளையின் வாய் முன்பே சொன்ன குகைதான். ஆனால் உங்கள் கருவி பார்க்கும் வட்டம் துளையைவிடப் பெரியது என்பதால் அது பலன் தராது. பெயின்ட் போதும். வாடிக்கையாளரிடம் கணக்குக் காட்ட வேண்டிய முக்கியமான லாட் என்றால், துண்டிலேயே தெர்மோகப்பிளைச் செருகிவிடுங்கள்; அதற்கு ஈடாகாது எந்தத் துப்பாக்கியும்.

வெளியே எடுத்த இரும்பு 780 காட்டியதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அது உண்மையிலேயே ஆறுகிறது. 850 டிகிரியில் 10 மி.மீ. தகடு இருபுறமும் கதிர்வீசி நொடிக்குச் சுமார் 3 டிகிரி இழக்கும். எண்ணெய்த் தொட்டி தூரத்தில் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். இரண்டாவது காரணம் பெரியது. கருவியில் 0.95, இரும்பில் 0.85 என்று வைத்துக்கொண்டால், இந்த வெப்பநிலையில் 8–14 மைக்ரான் கருவி 60 டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டும். ஒரு மைக்ரான் அருகே பார்க்கும் பைரோமீட்டர் (தொடாமல் வெப்பநிலை அளக்கும் கருவி) இதே பிழையோடு சுமார் 10 டிகிரிதான் தவறும். கதிர்வீச்சு உச்சத்துக்குக் கீழே, குறுகிய அலைநீளப் பக்கத்தில், வெப்பநிலை சிறிது ஏறினாலும் கதிர் கிடுகிடுவென்று கூடுவதுதான் காரணம். உமிழ்திறனில் வரும் பிழை அந்த ஏற்றத்தில் அமுங்கிவிடும்.

உங்கள் ஃபோர்மேனின் கண் தவறாததும் இதே காரணத்தால். 850-லிருந்து 860-க்குப் போனால் மொத்தக் கதிர்வீச்சு நூற்றுக்கு 3.6 பங்குதான் கூடும். கண் பார்க்கும் சிவப்பொளியோ, 0.65 மைக்ரானில், 19 பங்கு கூடுகிறது. கண்ணில் இருப்பது அவ்வளவு கூர்மையான பைரோமீட்டர். நியூயார்க்கில் டிரேப்பர் 1847-ல் பலவகைப் பொருள்களை ஒரு துப்பாக்கிக் குழாயில் போட்டுச் சூடேற்றிப் பார்த்து, எல்லாமே ஏறத்தாழ 525 டிகிரியில்தான் சிவக்கத் தொடங்குகின்றன என்று பதிவுசெய்தார். ஆனால் கண்ணுக்கு ஒரு பலவீனம் உண்டு, சுற்றுப்புற வெளிச்சம். மாலையில் செர்ரிச் சிவப்பாகத் தெரிவது மதிய வெயில் விழும் இடத்தில் மங்கிவிடும், அவரும் கூடுதலாகச் சூடேற்றிவிடுவார். உலை வாசலுக்கு எதிரே உள்ள ஜன்னலை மறைத்து, நாள் முழுவதும் ஒரே அரையிருட்டு இருக்கும்படி செய்துகொடுங்கள். வெறுங்கண்ணோடு நெடுநேரம் பார்க்கவிடாதீர்கள். அகச்சிவப்பு வடிகட்டும் கண்ணாடி அணியட்டும்.

ஆகவே இரும்புக்கு உங்களிடம் உள்ள கருவியைக் கதவிடுக்கில் மட்டும் பயன்படுத்துங்கள். திறப்பு சிறியதாக, பாகம் உலையோடு ஒன்றி மறைந்த பிறகு. வெளியே எடுத்த இரும்பை அளக்க வேண்டிய அவசியம் தொடர்ந்து இருந்தால், இன்னொரு கருவி வாங்குவதைத் தவிர வழியில்லை. கடைக்காரரிடம் அதிகபட்ச டிகிரி எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், எந்த அலைநீளத்தில் பார்க்கிறது என்று கேளுங்கள். 1 மைக்ரானுக்கு அருகில் என்றால் வாங்கலாம். 8–14 என்றால் அது 1500 டிகிரி வரை காட்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் உங்கள் இரும்புக்கு உதவாது. உலையில் கண்ணாடிச் சாளரம் பொருத்தும் எண்ணம் இருந்தால் அதையும் சேர்த்து யோசியுங்கள். சாதாரணக் கண்ணாடி 8–14 மைக்ரான் கதிரை உள்ளே விடாது. இப்போதைய துப்பாக்கி அந்தச் சாளரத்தின் வெப்பநிலையைத்தான் அளந்து காட்டும்.